தட்டின் முன்னால் சொல்லக் கூடாத பெயர்

மூட்டைக்குள் கையை விட்டு ஒரே ஒரு உருண்டையை எடுத்து, முன்பல்லால் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்கிறார் நாஷோன் ஒதேரா. மென்றதை ஓரமாகத் துப்பிவிட்டு, "இன்னிக்கும் உப்பு இல்ல" என்கிறார். அதை யாரிடமும் சொல்வதில்லை, மூட்டையிடம்தான் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் அளவுக்கு வைத்திருக்கும் காலிப் பால் டப்பா மூட்டைக்குள் இறங்கும். ஒரு டப்பா உலர்தீனிக்கு முக்கால் டப்பா வெதுவெதுப்பான தண்ணீர். மேலே ஒரு மூடியைப் போட்டுக் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். எட்டு வார நாய்க்குட்டிக்குப் பல் அரிசி முனை அளவுதான் இருக்கும், அதைப் போய்க் கல்லைக் கடிக்கச் சொல்லக் கூடாது என்பார். வாரத்துக்கு வாரம் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வருவார். பன்னிரண்டாவது வாரத்தில் குட்டி காய்ந்த தீனியை மொறுமொறுவென்று கடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் அதை அழைத்துப் போக ஆள் வந்துவிடும்.

குட்டி அவருடையது இல்லை. ஏரிக்கரையில் இருக்கும் கிசுமு நகரத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் காவலாட்களையும் காவல் நாய்களையும் அனுப்பும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் வாசலில் நின்றவர் அவர். முழங்கால் தேய்ந்த பிறகு, குட்டி பழக்கும் வேலையைக் கொடுத்தார்கள். கூண்டிலேயே வளர்ந்த குட்டி பின்னால் எல்லாவற்றுக்கும் மிரளுமாம். மோட்டார் சைக்கிள் சத்தம், பிள்ளைகள் கூச்சல், தகரக் கூரையில் இறங்கும் மழை எல்லாம் பழகட்டும் என்று ஒரு மாதம் இவர் வீட்டில் விடுவார்கள். உலர்தீனியைத் தவிர எதுவும் தரக்கூடாது, அதையும் இவர் கையைத் தவிர வேறு கை தரக்கூடாது. பெயரும் வைக்கக் கூடாது, அதைக் கம்பெனி வைத்துக்கொள்ளும். தீனி விஷயத்தில் நாஷோன் வேதம் மாதிரி நடந்துகொள்வார். பெயர் விஷயத்தில் முதல் தட்டிலேயே விதியை மீறிவிடுவார்.

நாஷோனின் இனமான லுவோ மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தை விடாமல் அழுதால், பெயர் கேட்டு அழுகிறது என்பார்கள். குடும்பத்தில் இறந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எந்தப் பெயருக்கு அழுகையை நிறுத்திவிட்டு மார்பில் வாய் வைக்கிறதோ அதுதான் குழந்தையின் பெயர். அந்த ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். உயிரோடு இருப்பவர் பெயரைத் தவறியும் சொல்ல மாட்டார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த முதல் குட்டி தீனியைத் தொடாமல் ஊளையிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "பேரு கேக்குது போல, கூப்டுங்களேன்" என்று அவர் மனைவி தொர்சிலா கேலி பேசியிருக்கிறாள். இவர் விளையாட்டாகத் தன் தாய்மாமன் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"எங்க மாமா ஒகோலா பந்தியில உக்காந்தா பானை காலி, வாத்தியாரே. அவரு பேரச் சொன்னேன், குட்டி தட்டுக்குள்ள விழுந்துச்சு. இதவிட என்ன சாட்சி வேணும்?"

"பசிச்சிருக்கும்" என்றேன்.

"மாமாவுக்குந்தான் பசிச்சிருக்கும்" என்றார்.

நான் தூத்துக்குடியிலிருந்து வந்து பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் கணக்கு வாத்தியார். நாஷோன் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பனம்பழம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாரே தவிர, கதையை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படியாகப் பதினொரு குட்டிகள் போயிருக்கின்றன. கம்பெனி காகிதத்தில் அவை மேக்ஸ், டைகர், கமாண்டர். நாஷோன் சொல்வதைக் கேட்டால், மிலிமானிப் பகுதியில் பல் டாக்டர் வீட்டு வாசலைக் காப்பது ஒகோலா மாமா. மரக்கடையில் கட்டிக் கிடப்பது ஆயுசு முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத சித்தப்பா ரபூரு. அந்த நாய் குரைப்பதே இல்லையாம், நேராகக் கடித்துவிடுமாம். பெண் குட்டிகள் எல்லாம் அத்தைகள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு கேட்டிலும் நின்று, "மாமா, சாப்டாச்சா? அத்த, ஒடம்பு எப்டி?" என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் வந்து, செத்தவங்கள நாயாக்குறியாடா என்று சத்தம் போட்டார். "நாய்னா என்ன கேவலமா? நீ கதவ சாத்திட்டுக் கொறட்ட விடுறப்ப யாருண்ணே முழிச்சிருக்கா?" என்றார் நாஷோன். அண்ணன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவரிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. இங்கே ஒருவரை அவருடைய மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நாஷோனை எங்கள் காம்பவுண்டு முழுக்க, தெருக்கடை முழுக்க, சர்ச் முழுக்க, அக்கேயோ அப்பா என்றுதான் கூப்பிடும். அவருக்கும் அதுதான் பிடிக்கும், அந்தப் பெயரைக் கேட்டால்தான் சரியாகத் திரும்பிப் பார்ப்பார். ஆனால் குட்டியின் தட்டு தரையில் இருக்கும் நேரத்தில் மட்டும் அப்படிக் கூப்பிடக் கூடாது.

"நாஷோன்னு கூப்டுங்க. பெருசுன்னு கூப்டுங்க. கெழவான்னு கூடக் கூப்டுங்க, கோச்சுக்க மாட்டேன். தட்டு எடுக்குற வரைக்கும் அந்தப் பேரு மட்டும் வேணாம்."

பெயர் தட்டின் மேல் விழுந்து, அதற்குக் குட்டி வாய் வைத்துவிட்டால், அந்தப் பெயருக்கு உரியவள் செத்துப்போனவள் என்று ஆகிவிடும் அல்லவா?

அக்கேயோ அவர் மகள், அறுவடைக் காலத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். அவருக்கு ஒரே பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏஜெண்டு மூலமாக வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். முதல் ஒன்றரை வருஷம் ஞாயிறு தவறாமல் போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், என் சுவர் வழியே நானும் கேட்பேன். "அப்பா, இந்த வீட்டுல ஒரு பூனை இருக்கு. அதுக்குன்னு தனி ரூமு. ஏசி. நாலு வேளையும் நாந்தான் அதுக்கு உருண்டை எடுத்து வெக்கணும். நீ அங்க நாய்க்கு, நான் இங்க பூனைக்கு. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே உத்தியோகம்!" என்று சொல்லிச் சிரித்தாள். இன்னொரு ஞாயிறு, "அப்பா, ஒரு நாளு ரொம்பப் பசிச்சுதுன்னு அந்தப் பூன உருண்டையக் கடிச்சுப் பாத்தேன். உப்பே இல்ல போ" என்றாள். அதற்கும் சிரித்தாள். நாஷோன் சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து அவர் மூட்டையைத் திறந்தவுடன் ஒரு உருண்டையைக் கடித்துப் பார்க்கிறார்.

பதினெட்டு மாதமாகப் போன் இல்லை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. ஏஜெண்டு ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். "போனை அந்த வீட்டுக்காரங்க புடுங்கி வெச்சிருப்பாங்க. ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்துருவா" என்கிறார் நாஷோன். ஒப்பந்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. கணக்கு வாத்தியாராகிய நானும் அந்தக் கழித்தலை அவர் முன்னால் போட்டுப் பார்ப்பதில்லை. தொர்சிலா ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாள், மாதம் ஒரு தடவை சோளமூட்டையோடு வருவாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "குட்டி சாப்பிடுதா?" இவர், "சாப்பிடுது" என்பார். இருவரும் வேறு எதையும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கவே முடியாது, எழுந்து கடைக்குப் போய்விடுவேன்.

பன்னிரண்டாவது குட்டி போன ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. கறுப்பு உடம்பு, பழுப்புக் கால், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. கம்பெனி வண்டியில் கொண்டுவந்தவர் முத்தீசோ. குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, கம்பா இனத்து இளைஞர், எதையும் எழுதிக்கொண்டே பேசுவார். "இவன் பேரு மேஜர்" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனார்.

மேஜர் தட்டை முகர்ந்து பார்த்தது. தும்மியது. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்று மத்தியானம் நாஷோன் தெம்பாகத்தான் ஆரம்பித்தார். தாத்தா ஒபுயா, பெரியப்பா ஒன்யாங்கோ, குதிரை மாதிரி ஓடுவாராமே அந்த ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மேஜர் அசையவில்லை. கால் மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிட்டார். தட்டை நாள் முழுக்க வைத்தால் குட்டிக்குத் திமிர் வந்துவிடும் என்பது அவர் சட்டம். சாயங்காலம் புதிதாக ஊறவைத்து அம்மா வழி ஆட்களைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை, ஏரியில் படகு கவிழ்ந்து போனவர்கள், மின்னல் தாக்கியவர், பக்கத்து ஊர்க்காரர்கள் வரைக்கும் போய்விட்டார். ஒருவரும் வரவில்லை.

"எல்லாரும் வந்து வேலைல சேந்தாச்சு பெருசு. அங்க ஆளு இல்ல போல" என்று நான் சீண்டினேன்.

"அப்டி ஒரு வீடு உண்டா வாத்தியாரே, செத்தவங்களே மிச்சம் இல்லாத வீடு?" என்றார். குரலில் விளையாட்டு இல்லை. அவர் பார்வை ஜன்னலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனின் மேல் போய்த் திரும்பியது.

புதன்கிழமை முத்தீசோ போன் செய்தார். "வெள்ளிக்கிழமை தராசோட வரேன், பெரியவரே. எட எறங்கியிருந்துச்சுன்னா வேற வீட்டுல விட்டுர்றேன். உங்களுக்கும் வயசாச்சு. பன்னெண்டு குட்டி பாத்தாச்சுல்ல, கொஞ்சம் ஓய்வெடுங்க." மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஓய்வுக்குப் பிறகு குட்டி வராது என்பது நாஷோனுக்குப் புரிந்துவிட்டது. போனை வைத்த கையோடு என் கதவைத் தட்டினார்.

"குட்டி இல்லாம நான் காலைல எந்திரிச்சு என்ன பண்ணுவேன், வாத்தியாரே? தொர்சிலா வந்து எறங்குனதும் கேப்பாளே. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அன்று சாயங்காலம் மேஜரை மடியில் எடுத்துப் பார்த்தவர் சட்டென்று அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். வாசல் வேலையில் சேர்ந்து நின்ற ஆட்களிடம் சாராய வாடை கண்டுபிடித்துப் பழகிய மூக்கு அது. இரண்டு தடவை முகர்ந்தார். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக மூன்றாவது வீட்டுக்குப் போய் நின்றார்.

மூன்றாவது வீட்டில் இருப்பது மொரா அம்மா. கிசீ மலைக்காரி, பள்ளிச் சீருடை தைப்பவள். குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவளுக்கு வாயும் பெரியது, கையும் பெரியது.

"குட்டி வாயில ஒமேனா நாத்தம் வருது" என்றார் நாஷோன்.

ஒமேனா என்பது இந்த ஏரியின் பொடிக்கருவாடு. மொரா அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"ஆமா, குடுத்தேன். உகாலிக் களிய உருட்டி, ஒமேனாச் சாறுல தொட்டுக் குடுத்தேன். திங்கக்கெழமலேருந்து குடுக்குறேன். என்ன இப்ப? பச்சப்புள்ள மாதிரி முனகிட்டுக் கெடக்கு, நீங்க சரளக்கல்ல ஊறவெச்சு முன்னாடி வெச்சுட்டு, செத்தவன் பேரையெல்லாம் வாசிச்சுக்கிட்டு இருக்கீங்க! எங்க ஊர்ல வீடு தேடி வந்தத வெறும் வயித்தோட வுட மாட்டோம்."

"அடியே, உன் களியத் தின்னா அது என் தட்டுக்கு எப்டி வரும்? நாளைக்கு எவனாச்சும் திருடன் கேட்டு வழியா ஒமேனா நீட்டுனா வால ஆட்டிட்டுப் போவும். அதுல விஷம் இருக்கும். அப்புறம் யாரு அழுவுறது?"

அவளுக்கு இது உறைத்தது. மிஷினின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். "எனக்கு அது தெரியாது. இனிமே குடுக்க மாட்டேன், அக்கேயோ அப்பா" என்றாள். தட்டு அப்போது தரையில் இல்லை, அதனால் அவர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார். எனக்குப் பரம திருப்தி. தீனி மர்மம் கருவாட்டுச் சாற்றில் கரைந்துவிட்டது, இனிமேல் பெயரும் வேண்டாம் ஊரும் வேண்டாம் என்று நினைத்தேன். அந்த ரகசியக் களி உருண்டை பற்றித் தெரிந்ததும் அவளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயத்தை எங்கள் இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. தட்டு நேரத்துச் சட்டம் காம்பவுண்டுக்கே தெரியும் என்பதால், புதிதாக வந்தவளுக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை காலை முழுக்க மேஜருக்குக் களி கிடைக்கவில்லை, தட்டையும் அது தொடவில்லை. மத்தியானம் ஏரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பள்ளி விடுமுறை, வாசலில் நாற்காலி போட்டிருந்தேன். நாஷோன் தட்டைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். ஊறிய உருண்டைகள் உப்பிப்போய் மணத்துக்கொண்டிருந்தன. மேஜர் டிரம்முக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியது. ஓரடி வந்தது. இன்னும் ஓரடி வந்து, மூக்கைத் தட்டின் விளிம்பில் வைத்தது. நாஷோன் மூச்சை இழுத்து, யாரோ ஒருவர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கேட்டிலிருந்து மொரா அம்மா குரல் வந்தது. கம்பெனியிலிருந்து புது தீனி மூட்டை வந்திருந்தது, மோட்டார் சைக்கிள்காரன் கையெழுத்துக்கு நின்றுகொண்டிருந்தான்.

"அக்கேயோ அப்பா! அக்கேயோ அப்பா! உங்க மூட்ட வந்திருக்கு!"

மேஜர் நாக்கை நீட்டியது.

நாஷோன் முழங்கால் வலியை மறந்து அப்படியே தரையில் விழுந்தார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தட்டை மூடினார். குட்டி அவர் விரலிடுக்கை நக்கியது. விரல்களைச் சேர்த்து அழுத்தினார். அது கத்தியது, மூக்கால் முட்டியது. அவர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, எட்டாத உயரத்தில் தண்ணீர் டிரம்மின் மேல் வைத்துவிட்டு, அதைப் பிடித்தபடியே நின்றார். சட்டை முழுக்க ஈரத் தீனி ஒட்டியிருந்தது. மேஜர் பயந்துபோய்க் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது.

"என்ன ஆச்சு? நான் என்ன செஞ்சேன்?" என்று ஓடிவந்தாள் மொரா அம்மா. நான் அவளைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னேன். அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அவரிடம் போய், "நான் உங்களத்தான கூப்டேன். அவளக் கூப்டலியே. சாமி மேல சத்தியமா உங்களத்தான் கூப்டேன்" என்றாள்.

"அது எனக்குத் தெரியும் தாயி. நாய்க்குத் தெரியுமா?" என்றார் நாஷோன்.

நான்தான் காக்கா, பனம்பழம் என்று எட்டு வருஷம் பேசியவன். காலையிலிருந்து பட்டினி கிடந்த குட்டி சாப்பாட்டுக்கு வந்தது, அவ்வளவுதான் விஷயம். அது எனக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வரவில்லை. ஈரத் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற அவர் கையைப் பார்த்தேன். அந்தப் பெண் எங்கே இருந்தாலும் உயிரோடு இருக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

"நாக்கு பட்டுச்சா, வாத்தியாரே? நீங்க பக்கத்துல இருந்தீங்க. சொல்லுங்க."

"உங்க வெரல்லதான் பட்டுச்சு. தீனில படல. நான் பாத்தேன்" என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தீனி முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தார். தட்டைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தார். புதிதாக ஊறவைத்தார். இப்போது அவருக்கு வேறு வழி இல்லை. யாராவது ஒரு செத்தவர் பெயருக்கு இந்தக் குட்டி சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் கடைசியாகக் காற்றில் விழுந்த பெயர் அதன் மேல் நின்றுவிடும். கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மறுபடியும் தாத்தாவிலிருந்து தொடங்கினார். மழை வந்து தகரத்தில் இறங்கியது. மழைக்கு மேல் குரலை உயர்த்திக் கூப்பிட்டார். கட்டிலடியில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அரை மணி நேரத்துக்குப் பிறகு குரல் கம்மிப்போய் என் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுல செத்தவங்க யாரு, வாத்தியாரே?"

எனக்குச் சுருக்கென்றது. நாய்க்கா? என் அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. தூத்துக்குடியில் காலை நடைக்குப் போகும்போது நாய்க்கென்றே ஒரு தடி வைத்திருந்தவர். சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், மூன்று நாள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வீம்பு பிடிப்பார். அம்மா கெஞ்ச வேண்டும், அக்கா கெஞ்ச வேண்டும், நான் கெஞ்ச வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வேலாயுதம்" என்றேன்.

"வேலாயுடா" என்றார் நாஷோன். அவர் நாக்கு அவ்வளவுதான் வளைந்தது. "வேலாயுடா! வாங்க. கோவத்த விடுங்க. சோறு ஆறுது."

மூன்றாவது தடவை கூப்பிட்டதும் நிமிர்ந்த காது முதலில் வெளியே வந்தது. மேஜர் தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, எங்கள் இருவரையும் முறைத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தது. ஒரு உருண்டை மிச்சமில்லை. சாப்பிடும்போதே தட்டுக்குள் கையை வைத்துப் பழக்குவது நாஷோன் முறை, நாளைக்கு எந்தக் கையையும் பார்த்து உறுமக் கூடாது என்பதற்காக. இன்றைக்கும் வைத்தார். வேலாயுதம் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்ததைத் தேடியது. மொரா அம்மா மட்டும் வாசலில் நின்று அழுதுகொண்டே, "தின்னுது, தின்னுது" என்று மழைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை முத்தீசோ வந்தார். குட்டியை ஒரு பையில் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டினார். "எறங்கல. கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. மேஜர் கில்லாடி" என்று எழுதிக்கொண்டார். ஓய்வைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட் வரைக்கும் போனவரை மொரா அம்மா வழிமறித்து, அடுத்த குட்டிக்காவது சரளைக்கல்லில் கொஞ்சம் உப்பு போடச் சொல்லுங்கள் என்று சிபாரிசு செய்தாள். அந்த வாரத்திலிருந்து அவள் கேட்டுக்குள் நுழைந்தவுடன் எட்டிப் பார்த்து, தட்டு தரையில் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அவரைக் கூப்பிடுகிறாள்.

அன்று சாயங்காலம் தொர்சிலாவுக்குப் போன் போட்டு, "சாப்பிடுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு குட்டிக்குக் கடைசி வேளைத் தீனியைக் கொடுத்தார். என் அப்பா தட்டை வழித்து நக்கிவிட்டு, உருண்ட வயிற்றோடு சாக்கின் மேல் மல்லாந்து தூங்கிப்போனார். நாஷோன் தட்டைக் கழுவித் துடைத்து, ஜன்னல் மேடையில் போனுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். நான் என் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன். நான் உள்ளே போய்விட்டதாக நினைத்தாரோ என்னவோ.

சாக்கை ஜன்னல் ஓரமாக இழுத்துவைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். தூங்கும் குட்டியின் மடிந்த காதருகே வாயைக் கொண்டுபோய், "அக்கேயோ" என்றார். குட்டி அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, கொஞ்சம் சத்தமாக, "அக்கேயோ" என்றார். குட்டி பெருமூச்சு விட்டுத் திரும்பிப் படுத்தது. அந்தப் பெயருக்கு அது எழுந்து வரவில்லை என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய இன்னொரு கை மேலே, கவிழ்த்த தட்டின் மேல், அழுத்தமாக மூடியபடி இருந்தது.